செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, அரசு, தனியார், மிஷன் மருத்துவமனைகளின் மருந்தகங்களிலும் கிடங்குகளிலும் பணிபுரியும் உறுப்பினர்களே, ஓய்வுபெற்ற பின்னும் முன்வரிசையை விட்டுக்கொடுக்காத மூத்தோரே, அனைவருக்கும் வணக்கம்.

நமது மாவட்டச் சங்கத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. மார்ச்சில் மட்டும் கூடவில்லை. ஆண்டு இருப்புச் சரிபார்ப்பு நடக்கும் மாதத்தில் நம் ஆட்களைக் கூட்டத்துக்கு அழைப்பது வீண் வேலை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்களை மேடையில் வாசிக்க வேண்டாம் என்று செயற்குழு பெருந்தன்மையோடு முடிவு செய்துள்ளது. அந்தப் பெருந்தன்மை இந்த ஆண்டுக்கு மட்டுமே.

ஜனவரிக் கூட்டத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கி வழங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 ஜூலையில் பதிவு செய்யப்பட்டு, 1995 ஜனவரியில் மருந்து வழங்கலைத் தொடங்கியது. அந்த முப்பது ஆண்டுகளை முன்னிட்டு, மாலை மரியாதை எதுவும் இல்லாமல் ஒரு பேச்சுக் கூட்டம் நடத்தினோம். கழகத்துக்கு முந்திய காலத்தில் வேலை பார்த்த மூத்தோர் பேசினார்கள். ஒதுக்கீடு வீணாகிவிடுமே என்று மார்ச் கடைசியில் கிடைத்ததையெல்லாம் வாங்கிக் குவித்தது, பில் பாஸாகாததால் கம்பெனிகள் சரக்கைப் பாதியில் நிறுத்தியது, ஒரு கிடங்கில் பஞ்சு மூட்டை கூரையைத் தொட, பக்கத்து ஊரில் சலைன் பாட்டிலை நோயாளியின் உறவினரையே வாங்கிவரச் சொன்னது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். இளைய உறுப்பினர்களால் நம்ப முடியவில்லை.

அன்று கொண்டுவந்த மாற்றங்களில் நவீனக் கருவி என்று பெரிதாக எதுவும் இல்லை. அத்தியாவசிய மருந்துப் பட்டியல் ஒன்று. அதற்கான முன்மாதிரியை உலக சுகாதார நிறுவனம் 1977இலேயே தந்துவிட்டது. தகுதிக்கு ஓர் உறை, விலைக்கு ஓர் உறை என்று ஒப்பந்தப்புள்ளி. வந்து சேரும் சரக்கில் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து, சங்கேத எண் இட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவது. மாத்திரை அட்டையில் அரசு முத்திரை. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ் புத்தகம்: ஒதுக்கிய தொகைக்குள் வேண்டியதை எடுக்கலாம், எடுத்ததன் மதிப்பு கழியும். அவசரத்துக்கு ஒரு சிறு பகுதி உள்ளூர் கொள்முதலுக்கு. கழகத்தைத் தொடக்க காலத்தில் வழிநடத்திய ஆர். பூர்ணலிங்கம் போன்ற அதிகாரிகள் வகுத்த இந்த நடைமுறை, எத்தனையோ நிர்வாக இயக்குநர்களையும் ஆட்சி மாற்றங்களையும் கடந்து நிற்கிறது. கேரளமும் ராஜஸ்தானும் பின்னாளில் இதே வழியில் தங்கள் கழகங்களை அமைத்துக்கொண்டன. நல்ல அதிகாரி இருக்கும்வரை ஓடி, அவர் மாற்றலாகிப் போன மறுவாரமே படுத்துவிடும் ஏற்பாடுகளை நம் சர்வீஸில் நிறையப் பார்த்திருக்கிறோம். இது படுக்கவில்லை. சலுகை கேட்டு வருபவரிடம் ‘விதி இடம் தராது’ என்று ஓர் எழுத்தரே சொல்லி அனுப்பும் அளவுக்கு விதிகளைத் தெளிவாக எழுதிவைத்ததுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் கழகம் வாங்குவது நாம் எழுதும் எண்ணை நம்பி. அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதை ஏப்ரல் கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசினோம். சென்ற ஆண்டு இண்டென்டை, அதாவது மருந்து கேட்டு அனுப்பிய பட்டியலை, எடுத்துவைத்து, அதில் பத்து சதவீதம் கூட்டி எழுதுவதுதான் பல இடங்களில் ‘தேவை மதிப்பீடு’. ஒரு முறை சரக்கு தீர்ந்துபோய்ப் புறநோயாளிகளிடம் திட்டு வாங்கியவர் அடுத்த முறை இரட்டிப்பாக எழுதுகிறார். அவர் இரட்டிப்பாக எழுதுவார் என்று தெரிந்த கிடங்கு பாதியாக வெட்டுகிறது. வெட்டுவார்கள் என்று தெரிந்தவர் அதற்கடுத்த முறை மூன்று மடங்கு எழுதுகிறார். இருவரும் நல்லவர்கள், இருவரும் கெட்டிக்காரர்கள். நடுவில் எண் மட்டும் அர்த்தம் இழந்துவிடுகிறது.

இதில் இன்னொரு கோளாறும் உண்டு. ஒரு மருந்து இரண்டு மாதம் இருப்பில் இல்லை என்றால், அந்த இரண்டு மாதமும் பதிவேட்டில் செலவு சுழி. ஆண்டுச் செலவு குறைவாகத் தெரியும். அதை வைத்து அடுத்த ஆண்டுக்கும் குறைவாக ஒதுக்குவார்கள். மருந்து இல்லாமல் போனதே, மருந்து தேவையில்லை என்பதற்குச் சான்றாகிவிடுகிறது. எனவே இண்டென்ட் படிவத்தில் ‘இருப்பு இல்லாத நாட்கள்’ என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. மென்பொருளைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். இந்த ஒரு கட்டம் இல்லாத மென்பொருள் பழைய தவறை வேகமாகச் செய்யும், அவ்வளவுதான்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இந்தக் கணக்கை மேலும் மாற்றியிருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை இப்போது வீட்டு வாசலுக்குப் போகிறது. ஓ.பி. சீட்டு எண்ணிக்கையைப் பார்த்து அம்லோடிபினும் மெட்ஃபார்மினும் எவ்வளவு வேண்டும் என்று சொல்ல முடிந்த காலம் போய்விட்டது. யார் வீட்டில் எந்த மாத்திரை எத்தனை நாளுக்கு மிச்சம் என்பது களப்பணியாளரின் நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டும் கிடங்கின் பதிவேடும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் பொறுப்பு யாருக்கு என்று கூட்டத்தில் கேட்டபோது, ஆளுக்கு ஒருவரைக் காட்டினார்கள்.

பாம்புக்கடி மருந்து பற்றி ஜூலையில் பேசினோம். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. ஆகவே இனி எண்ணிக்கை ஒழுங்காகக் கிடைக்கும் என்று நம்பலாம். ஆனால் இந்த மருந்துக்கு மாதச் சராசரி போட்டால் ஏமாந்துபோவோம். பல மாதங்கள் ஒரு குப்பியும் செலவாகாமல் இருந்துவிட்டு, மழை தொடங்கிய ஓர் இரவில் இரண்டு பேர் வந்து சேர்வார்கள். ஒருவருக்கே முதல் கட்டத்தில் 8 முதல் 10 குப்பி வேண்டும். செலவைப் பார்த்து வைக்கும் மருந்து வேறு, உயிரைப் பார்த்து வைக்கும் மருந்து வேறு என்று நம் மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னார். தணிக்கையாளர்கள் ‘அசையாத இருப்பு’ என்று சிவப்பு மையில் எழுதும்போது, மூத்தவரின் அந்த வாக்கியத்தை எழுத்தில் சொல்லி நிற்க ஒரு கண்காணிப்பாளர் வேண்டும். சொன்னவர்கள் இருக்கிறார்கள். சொல்லாமல் மருந்தைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பிறகு இரவில் கார் எடுத்துக்கொண்டு அடுத்த தாலுகாவுக்கு ஓடியவர்களும் இருக்கிறார்கள்.

குளிர்சாதனப் பயிற்சி வழக்கம்போல் நடந்தது. இன்சுலினும் ஆக்ஸிடோசினும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது இங்கே எல்லோருக்கும் பாடம். உறைந்துபோவது வெப்பத்தைவிட மோசம் என்பதைத்தான் மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. காட்டுவதற்காக ஒருவர் கொண்டுவந்த பதிவேட்டில், காலையும் மாலையும் ஒரு மாதம் முழுவதும் 4 டிகிரி, ஒரே பேனா, ஒரே சாய்வு. அப்படியொரு குளிர்பெட்டியை எந்தக் கம்பெனியும் இதுவரை தயாரிக்கவில்லை.

இப்போது அக்டோபருக்கு வருகிறேன். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். நம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வில் அந்த பேட்ச்சில் (ஒரே தடவையில் தயாரான தொகுதியில்) 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு ரசாயனம் இருந்தது தெரிந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். மருந்து இங்கிருந்து போனது என்பதால் நமக்குத் தலைகுனிவு அதிகம். செயற்குழு உடனே கூடி, அறிக்கை வெளியிடுவதைவிட நம் வீட்டைப் பார்ப்பது மேல் என்று முடிவு செய்தது. உறுப்பினர்கள் பணிபுரியும் ஒரு மருத்துவமனையில், கண்காணிப்பாளரின் அனுமதியோடு ஓர் ஒத்திகை நடத்தினோம். சாதாரணப் பாராசிட்டமால் சிரப் ஒன்றின் பேட்ச் எண்ணைக் கொடுத்து, அது எங்கெங்கே இருக்கிறது, யாருக்கெல்லாம் போனது என்று கண்டுபிடித்துத் திரும்பப் பெறச் சொன்னோம்.

கிடங்கில் இருந்த பெட்டிகள் சில நிமிடங்களில் கிடைத்தன. புறநோயாளி மருந்தகத்திலும் சிரமமில்லை. வார்டுக்குள் நுழைந்ததும் கதை மாறியது. வார்டு அலமாரியில் இருந்த பாட்டில்களுக்குப் பதிவேடு இல்லை. கிடங்கிலிருந்து போனதும் அவை ‘செலவு’ என்று எழுதப்பட்டுவிட்டன. பிரசவ வார்டு ஒன்று குழந்தைகள் வார்டிலிருந்து கைமாற்று வாங்கியிருந்தது. நோயாளிக்குக் கொடுத்த சீட்டில் மருந்தின் பெயர் இருந்தது, பேட்ச் எண் இல்லை. மாலை வரை தேடியும் சில பாட்டில்கள் கணக்குக்கு வரவில்லை. இது அந்த மருத்துவமனையின் குறையென்று யாரும் நினைக்க வேண்டாம். இங்கே இருப்பவர்களில் தன் வார்டு அலமாரியில் என்ன இருக்கிறது என்று இப்போதே சொல்லக்கூடியவர் கை தூக்கலாம். 2023 ஆகஸ்ட் முதல் 300 முன்னணி பிராண்டுகளின் மேலுறையில் கியூஆர் கோடு கட்டாயம். கோடு இருக்கிறது, அதை வாசிக்கும் கருவி நம்மில் பலரின் கிடங்கில் இல்லை. அடுத்த ஆண்டு குறைந்தது மூன்று மருத்துவமனைகளில் இந்த ஒத்திகையை நடத்த வேண்டும், செவிலியர் கண்காணிப்பாளர்களையும் சேர்த்துக்கொண்டு.

தனியார், மிஷன் மருத்துவமனை உறுப்பினர்களுக்குச் செப்டம்பர் 22 ஒரு சோதனை. மருந்துகளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. 33 உயிர்காக்கும் மருந்துகளுக்கு வரியே இல்லை. நோயாளிக்கு நல்ல செய்தி. ஆனால் பழைய விலை அச்சிட்ட சரக்கு அலமாரி நிறைய இருக்க, புதிய விலைப்பட்டியலை ஒவ்வொரு கம்பெனியிடமிருந்தும் திரட்டி, பில்லிங் கணினியில் ஏற்றியது நம்மவர்களின் இரவுப்பணி. அந்த வாரம் பட்டியல்களை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொண்ட உறுப்பினர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

இனி வரப்போவது. மருந்து உற்பத்திக்கான திருத்தப்பட்ட ஷெட்யூல் எம் தரவிதிகளுக்கு மாறச் சிறு, நடுத்தர மருந்து உற்பத்தியாளர்களுக்கு அளிக்கப்பட்ட அவகாசம் 2025 டிசம்பர் 31உடன் முடிகிறது. அக்டோபரில் பார்த்ததற்குப் பிறகு இந்தக் கெடுபிடி வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் சில சிறு கம்பெனிகள் மூடக்கூடும், சில மருந்துகளுக்கு ஒப்பந்தப்புள்ளி போடுபவர்கள் குறையக்கூடும். ஒரே இடத்தை நம்பியிருப்பதன் விலை என்ன என்பதை அமெரிக்கா 2024 செப்டம்பரில் பார்த்தது. ஹெலீன் புயலில் வட கரோலினாவில் ஒரே ஓர் ஆலை வெள்ளத்தில் மூழ்கியது. அந்த நாட்டின் சலைன் உள்ளிட்ட நரம்புவழித் திரவங்களில் ஏறத்தாழ 60 சதவீதம் அங்கேதான் தயாரானது. பணத்துக்குப் பஞ்சமில்லாத மருத்துவமனைகள் அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன. நம் பக்கத்தில் 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். உங்கள் கிடங்கில் கீழ்த்தட்டு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று போய் அளந்து பாருங்கள்.

சிறு மருத்துவமனைகள் சேர்ந்து கொள்முதல் செய்யும் யோசனை மூன்றாவது ஆண்டாகப் பேச்சிலேயே நிற்கிறது. டாடா நினைவு மருத்துவமனையை மையமாகக் கொண்ட தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பு 40 மருந்துகளுக்குக் கூட்டாக விலை பேசி 82 சதவீதம் மிச்சப்படுத்திக் காட்டியது. நாம் கையுறையிலும் சிரிஞ்சிலும் தொடங்கினால் போதும். தடை விலையில் இல்லை. யார் யாரிடம் எவ்வளவு வாங்குகிறோம் என்று ஒருவருக்கொருவர் காட்ட நிர்வாகங்களுக்கு மனம் வரவில்லை.

தீர்மானங்கள் தனித்தாளில் உள்ளன. முதன்மையான ஒன்றை மட்டும் சொல்கிறேன். மருத்துவமனையின் மருந்துக் குழுவில் தலைமை மருந்தாளுநர் வாக்குரிமை உள்ள உறுப்பினராக இருக்க வேண்டும். இப்போது பல இடங்களில் பதிவேட்டைச் சுமந்துவந்து கதவருகே நிற்பவராகத்தான் இருக்கிறார். எந்த மருந்து மூன்று வாரத்தில் தீரும் என்று அறிந்த ஒரே ஆள் அவர்தான். அவரிடம் கேட்காமல் ஆண்டு நடுவில் புதிய மருந்துகளைப் பட்டியலில் சேர்த்தால் பழையவை காலாவதியாகும். காலாவதி நெருங்கும் சரக்கைப் பக்கத்து மருத்துவமனைக்கு மாற்ற அவரே கையெழுத்திடலாம் என்ற அதிகாரத்தையும் கேட்கிறோம். மேலிட ஒப்புதல் வந்து சேர்வதற்குள் மருந்தின் ஆயுள் முடிந்த கதைகள் நம்மிடம் ஏராளம். தலைமை பற்றி நிர்வாகவியல் படித்தவர்கள் நிறையப் பேசுகிறார்கள். நம் துறையில் அதன் பொருள் இந்த வாக்கும் இந்தக் கையெழுத்தும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே அளவுகோலை நமக்கும் வைக்க வேண்டும். செயற்குழுவில் ஐம்பது வயதுக்குக் கீழே ஒருவரும் இல்லை. உறுப்பினர்களில் பாதிக்கு மேல் பெண்கள். நிர்வாகிகளில் ஒருவரும் இல்லை. ஒருவர் ஒரே பொறுப்பில் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதித்திருத்தம் இன்று வாக்குக்கு வருகிறது. அது நிறைவேறினாலும் நிறைவேறாவிட்டாலும் நான் செயலாளர் பதவிக்குப் போட்டியிடவில்லை. புதியவருக்கு ஆறு மாதம் கோப்புகளை ஒப்படைத்து உடனிருந்து உதவுவேன்.

இவ்வறிக்கையை ஏற்குமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன். வேட்புமனுப் படிவங்கள் பொருளாளரிடம் உள்ளன. மதிய உணவுக்கு முன் கொடுத்துவிடவும். சந்தா பாக்கி உள்ளவர்கள் அதைக் கட்டிவிட்டுப் படிவம் வாங்கவும்.

செயலாளர்