வாடகை வசூலிக்கப் போகும் மகளுக்கு

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் அப்படியேதான்.

"வாடகை பாக்கி கேட்கவா சோஷியல் வொர்க் படிச்சேன்?" என்று போனில் அலுத்துக்கொண்டாயே, அதிலிருந்து ஆக்டேவியா ஹில்லைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். நீ இருக்கும் அதே லண்டனில், வாடகை வாங்கப் போவதையே சமூகப்பணியாக மாற்றியவர். அவருடைய அப்பா திவாலானதால் பதினாலு வயதிலேயே வேலைக்கு வந்தவர். ஏழைச் சிறுமிகளைப் பொம்மை செய்யப் பழக்கும் வேலை.

1865-ல் எழுத்தாளர் ஜான் ரஸ்கின் பணம் போட, லண்டனின் மேரிலபோன் பகுதியில் மூன்று வீடுகள் ஹில்லின் கைக்கு வந்தன. தெருவின் பெயர் பாரடைஸ் ப்ளேஸ். பெயர்தான் சொர்க்கம்! மாடிப்படிக் கைப்பிடியைக்கூட விறகுக்கு எடுத்துப் போயிருந்தார்களாம். போட்ட பணத்துக்கு ரஸ்கினுக்கு ஐந்து சதவீதம் போக வேண்டும் என்பது ஏற்பாடு. ஹில் வாராவாரம் வாடகை வாங்கப் போனார். பழுது பார்க்க என்று ஒரு தொகையைத் தனியே வைத்தார். உடைத்ததைச் சரிசெய்தது போக அதில் மிஞ்சினால், வீட்டுக்கு என்ன வசதி வேண்டும் என்று குடியிருப்பவர்களே சொல்லலாம். வேலையில்லாத நாட்களில் அந்தப் பழுது வேலையையும் அவர்களுக்கே கொடுத்தார். பெரிய பெண்பிள்ளைகள் படிக்கட்டு கழுவினால் கூலி.

நாங்கள் குடியிருந்த லைன் வீட்டை நினைத்துக்கொண்டேன். ஓனர் ஐந்தாம் தேதி தவறாமல் வாசலில் நிற்பார்; பொதுக்குழாய் ஒழுகுவதை மட்டும் பார்க்கவே மாட்டார். அவர் மேலிருந்த கோபத்தில் பையன்கள் நாங்கள் அந்தக் குழாயைத் திருகித் திருகியே உடைத்தோம்.

ஆக்டேவியா ஹில்லும் லேசுப்பட்டவர் இல்லை. வாடகை தராதவர்களை வெளியேற்றியிருக்கிறார். பெண்களுக்கு ஓட்டு கூடாது என்றார். முதியோருக்கு அரசாங்கம் பென்ஷன் தருவதையும் எதிர்த்தார்! மாதம் பிறந்தால் பென்ஷனை எதிர்பார்க்கும் எனக்கு இது மட்டும் செரிக்கவில்லை. ஆனாலும், ஒரு கதவை வாராவாரம் தட்ட உரிமையுள்ள ஆள், உள்ளே ஒழுகும் கூரையையும் பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறதே. உன் கையிலும் அதே உரிமை இருக்கிறது. பாக்கித் தொகையைக் கேட்கும் முன் நீ என்ன கேட்கிறாய்?

லண்டனின் சதர்க் பகுதியில் 1887-ல் அவர் அமைத்த ரெட் கிராஸ் கார்டன் என்ற பூங்கா இன்னும் இருக்கிறதாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்துவிட்டு வா. போட்டோ எடுத்து அனுப்பு, அம்மாவும் பார்க்கட்டும்.

அன்புடன்,
அப்பா