தரம் 4 வகுப்புக்குள் மாவும் உப்பும் கருப்பணியும் கொண்டுவந்த உங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். மூன்றாம் தவணை முடியப்போகிறது, லீவு விட்டால் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவோம், அதற்கு முதல் இதை எழுதிவிட வேண்டும் என்று இருந்தேன். இந்த வருடம் எங்கள் தரம் 4 பிள்ளைகள் சுற்றாடல் பாடத்தில் சாப்பாட்டை வைத்தே விஞ்ஞானம் படித்தார்கள். மாப் பிசைந்தார்கள், கழுவினார்கள், அவித்தார்கள், மணந்து பார்த்தார்கள், தராசில் நிறுத்துக் கொப்பியில் எழுதினார்கள். அதற்கு வேண்டிய சட்டி, அடுப்பு, மா, எல்லாவற்றுக்கும் மேலாக அறிவு, உங்கள் வீடுகளில் இருந்துதான் வந்தது. பெயர் போட வேண்டாம் என்று கனபேர் கேட்டுக்கொண்டதால் ஒருவர் பெயரும் போடவில்லை. வாசிக்கும்போது யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே விளங்கும்.

முதல் நன்றி அந்த அம்மம்மாவுக்கு. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் ஒரு பை நிறைய அவித்த கோதுமை மாவோடு வந்தவர். எங்கள் வீடுகளில் கோதுமை மாவில் புட்டோ இடியப்பமோ செய்வதென்றால் மாவைத் துணியில் கட்டி நீராவியில் அவித்து, சூடாக இருக்கும்போதே கட்டி உடைத்து, அரிதட்டில் அரித்து வைப்பது வழக்கம். பிள்ளைகள் எல்லாரும் இதைக் குசினியில் கண்டவர்கள்தான், ஆனால் ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. அன்றைக்கு ஒரு பொடியன் கேட்டான். "அவிக்காட்டி மா இழுபடும் ராசா, புட்டு உதிராது, கட்டியாப் போயிடும்" என்றார் அம்மம்மா. "ஏன் இழுபடும்?" என்று அவன் விடவில்லை. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது எனக்குத் தெரியாது மோனை, என்ரை அம்மாவும் இப்பிடித்தான் செய்தவ, நீயே பார்த்துச் சொல்லன்" என்றார். படித்தவர்கள் பலருக்கும் வராத பதில் அது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, கண்டுபிடிக்கிற வேலையை ஒன்பது வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்தாரே, அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் பார்த்தோம். ஒரு குழுவுக்குப் பச்சைக் கோதுமை மா, ஒரு குழுவுக்கு அவித்த மா, இன்னொரு குழுவுக்கு அரிசி மா. மூன்றையும் பச்சைத் தண்ணீர் விட்டு உருண்டையாகப் பிசைந்து, கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, பேசினுக்குள் தண்ணீர் நிரப்பி அதற்குள் வைத்து மெதுவாகக் கசக்கிக் கழுவச் சொன்னேன். அரிசி மா உருண்டை உடனேயே கரைந்து போனது. அவித்த மாவும் கைக்குள் நிற்காமல் பொருபொருவென்று உதிர்ந்தது. பச்சை மாவை வைத்திருந்த குழுவுக்குத்தான் அதிசயம். தண்ணீர் பால் நிறமாகிக்கொண்டே வந்தது, உருண்டையும் சிறுத்துக்கொண்டே வந்தது, ஆனால் கடைசியில் மங்கல் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டி மட்டும் எவ்வளவு கழுவியும் கரையாமல் நின்றது. இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது. "ரீச்சர், சுவிங்கம்!" என்று ஒருத்தி கத்த, மற்ற இரண்டு குழுவும் தங்கள் பேசினை விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டது.

அந்தக் கட்டிதான் குளுட்டன். கோதுமையில் இருக்கும் இரண்டு வகைப் புரதங்கள் தண்ணீர் பட்டுப் பிசையப் பிசைய ஒன்றோடொன்று கோத்து வலையாகின்றன. பாண் உப்பி நிற்பதும் ரொட்டி இழுபடுவதும் இதனால்தான். மாவை முன்கூட்டியே அவித்தால் அந்தப் புரதம் சூட்டில் மாறிவிடும், பிறகு கோத்துக்கொள்ளாது, புட்டு உதிரும். அரிசியில் இந்தப் புரதம் இல்லை, அதனால்தான் இடியப்பத்துக்குக் கொதிதண்ணீர் விட்டுக் குழைக்கிறோம், சூட்டில் மாப்பொருள் வீங்கி ஒட்டிக்கொள்கிறது. இவ்வளவும் நான் சொல்லிக் கொடுத்தேன், உண்மைதான். ஆனால் அந்தக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட பிள்ளைக்கும் கரும்பலகையில் பார்த்து எழுதிய பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை அன்றைக்குத்தான் நான் நேரே கண்டேன். அடுத்த கிழமை அந்தப் பொடியன் அம்மம்மாவின் வீட்டுக்கே போய்க் காரணத்தைச் சொல்லியிருக்கிறான். அவரும் இருந்து கேட்டிருக்கிறார்.

பேசினில் மிஞ்சிய பால் தண்ணீரைக் கொட்டாமல் ஒரு போத்தலில் தெளிய விட்டோம். அடியில் வெள்ளையாகப் படிந்ததில், பாமசியில் வேலை செய்யும் அக்கா வாங்கித் தந்த அயடீனில் ஒரு சொட்டு விட்டதும் கருநீலமாகிவிட்டது. மாப்பொருள் இருந்தால் அயடீன் பட்டு வருகிற நிறம் அது. பிறகு கேட்கவா வேண்டும், பாண், சோறு, உருளைக்கிழங்கு, வெள்ளரிக்காய், வாழைக்காய், பழுத்த வாழைப்பழம் என்று கையில் அகப்பட்டதெல்லாம் அயடீன் பட்டது. வாழைக்காய் கறுத்தது, நன்றாகப் பழுத்த பழம் அவ்வளவாக நிறம் மாறவில்லை. பழுக்கும்போது மாப்பொருள் சீனியாகிறது என்பதை நான் சொல்வதற்கு முதலே இரண்டு பேர் ஊகித்துவிட்டார்கள்.

அப்போது வந்த ஒரு கேள்வி என்னைத் திகைக்க வைத்தது. உப்புப் பைக்கற்றில் அயடீன் சேர்த்தது என்று போட்டிருக்கிறது, அப்படியென்றால் சோற்றுக்கு உப்புப் போட்டால் ஏன் நீலமாகவில்லை? பக்கத்துப் பாடசாலையில் சாதாரண தரத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்கும் சேருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதிலை அனுப்பிவிட்டு இருந்திருக்கலாம். ஆனால் அவர் பள்ளிக்கூடம் விட்டதும் மோட்டார்சைக்கிளில் நேரே வந்து, எங்கள் சின்னக் கதிரையில் இருந்து பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தினார். உப்பில் சேர்ப்பது பொற்றாசியம் அயடேற்று, அது வேறொன்றோடு சேர்ந்த நிலையில் இருக்கிறது, தனி அயடீன்தான் மாப்பொருளோடு அந்த நிறத்தைத் தரும், அதோடு ஒரு கிலோ உப்பில் மில்லிகிராம் கணக்கில்தான் சேர்க்கிறார்கள் என்றார். சேர், உங்களுக்கு மிகவும் நன்றி. தரம் 6-இல்தான் விஞ்ஞானம் தனிப் பாடமாக வருகிறது, இந்தச் சின்னனுகளுக்கு எதற்கு அயடேற்று என்று நீங்கள் நினைக்கவில்லை.

பனையில் பாளை சீவிச் சாறு இறக்கும் சீவல் தொழில் செய்யும் ஐயாவுக்கு அடுத்தது. அவரை வகுப்பின் முன்னால் என் கதிரையில் இருத்தித்தான் கேட்டோம். இத்தனை வருடமாக எங்கள் ஊர்ப் பனைகளில் ஏறி இறங்கும் ஒருவரை ஒரு வகுப்பறை இவ்வளவு காலமும் கூப்பிடவில்லை என்பது எனக்கு மனவருத்தமான விசயம், அதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். ஐயா இரண்டு போத்தல் கொண்டுவந்தார். இரண்டும் அன்று காலை இறக்கியது, ஒரே பனை. ஒன்று உட்பக்கம் சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறங்கியது, அதுதான் கருப்பணி. மற்றது சுண்ணாம்பு தடவாத முட்டி. இரண்டு போத்தலின் வாயிலும் பலூன் மாட்டி மேசையில் வைத்தோம். இடைவேளை முடிந்து வரும்போது சுண்ணாம்பு படாத போத்தலில் நுரை கட்டி, பலூன் நிமிர்ந்து நின்றது. கருப்பணிப் போத்தலின் பலூன் தொங்கியபடியே கிடந்தது. காற்றிலும் பூச்சியின் காலிலும் பழைய முட்டியின் சுவரிலும் இருக்கும் மதுவம் என்ற நுண்ணுயிர் இனிப்பைத் தின்று காபனீரொட்சைட்டை விடுகிறது, கூடவே மதுசாரமும் உண்டாகிறது, சுண்ணாம்பின் காரத்தில் அதனால் வேலை செய்ய முடியாது. மஞ்சள் கரைத்துப் பூசிக் காயவைத்த தாளை நனைத்துப் பார்த்தோம், கருப்பணியில் மட்டும் செம்மண் நிறமானது. "ஆலாத்தித் தண்ணி!" என்று பின் வாங்கிலிருந்து ஒரு குரல். அதேதான், மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் வருகிற அதே சிவப்பு.

பாடசாலைக்குள் கள்ளா என்று சில பெற்றோர் யோசித்தது நியாயமானது. அதிபரின் அனுமதியோடுதான் செய்தோம், சுண்ணாம்பு படாத அந்தப் போத்தல் கடைசிவரை பலூன் கழற்றாமலே இருந்தது, ஐயாவே திரும்பக் கொண்டுபோய்விட்டார். பிள்ளைகள் குடித்தது கருப்பணி மட்டும்தான், அதுவும் அடியில் சுண்ணாம்பு படியவிட்டு வடித்தது. கடைசியில் ஒரு பிள்ளை, "மரத்தில ஏறேக்க பயமில்லையா?" என்று கேட்க, ஐயா விஞ்ஞானத்தை விட்டுவிட்டுத் ஏறும்போது காலில் மாட்டும் தளநாரையும் பாளை சீவும் பாளைக்கத்தியையும் காட்டிக் கதைத்தார். அதற்கு நேரம் போதவில்லை. ஐயா, அடுத்த சீவல் காலத்தில் கட்டாயம் திரும்ப வர வேண்டும்.

உப்புக்கு இரண்டு பேர். கசூரினா கடற்கரையிலிருந்து கான் நிறையக் கடல்நீர் கொண்டுவந்த அப்பா ஒருவர், ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற தாத்தா ஒருவர். ஒரு லீற்றர் கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு என்று புத்தகம் சொல்கிறது. வடித்து, ஒரு லீற்றரை அடுப்பில் வற்றவைத்தோம், இன்னொரு லீற்றரை அகலத் தட்டில் வெயிலில் வைத்து மேலே நெட் போட்டோம். அடுப்பில் வற்றியது தூளாக வந்தது. வெயிலில் மெதுவாகக் காய்ந்ததில் சதுரம் சதுரமாகப் பளிங்குகள், உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்துப் படம் கீறினார்கள். முழுதாக வற்றவிட வேண்டாம், கடைசித் தண்ணீரை ஊற்றிவிடுங்கள் என்று தாத்தா சொன்னார். அதில் மகனீசிய உப்புகள் இருக்கின்றன, கசக்கும், காற்றின் ஈரத்தையும் இழுத்து உப்பைக் கசிய வைக்கும். போரால் நீண்டகாலம் மூடிக் கிடந்த உப்பளம் அது. அங்கே வேலை செய்த நாட்களைப் பற்றிக் கதைக்கும்போது தாத்தாவின் குரல் இடறியது, பிள்ளைகள் சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உங்கள் கதையைப் பதிவுசெய்து வைத்திருக்கிறோம் தாத்தா, பாடசாலை நூலகத்தில் இருக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நன்றி குறைவு என்பதால் அல்ல. வெண்மை படிந்த பழைய கேத்திலைத் தந்த அம்மாவுக்கு நன்றி. வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் நாங்கள் குடிப்பது சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிய மழைத் தண்ணீர், அதைக் கொதிக்க வைத்தால் அந்தக் கல்லே கேத்திலில் திரும்பப் படிகிறது, வினாகிரி விட்டால் முட்டைக்கோதில் வருவதைப் போலவே குமிழி வருகிறது. செவ்வரத்தம்பூவைப் பையோடு பறித்துத் தந்த பக்கத்து வளவு மாமிக்கும், கை கழுவினால் என்ன, கழுவாவிட்டால் என்ன என்று பாண் துண்டைப் பைக்குள் போட்டுப் பூஞ்சணம் வளர்த்துக் காட்டிய தாதி அக்காவுக்கும் நன்றி. அந்தப் பைக்குள் பச்சையும் கறுப்புமாக வளர்ந்ததைக் கண்ட நாளிலிருந்து சவர்க்காரம் கெதியாக முடிகிறது.

சத்துணவு சமைக்கும் அக்காமார் தங்கள் குசினியை எங்களுக்கு விட்டுத் தந்து, வேலை முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் அடுப்படியில் காவல் நின்றார்கள். அவர்கள் இல்லாவிட்டால் ஒரு நெருப்புக்குச்சி கூட நான் தட்டியிருக்க மாட்டேன். யாருக்கு எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று முன்கூட்டியே எழுதித் தந்த பெற்றோருக்கும் நன்றி. கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளை ஒன்று இருந்தபடியால் அதை வகுப்புப் பக்கமே கொண்டுவரவில்லை. தராசும் வெப்பமானியும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் வாங்கக் கனடாவிலிருந்து காசு அனுப்பிய பழைய மாணவருக்கு, பற்றுச்சீட்டுகள் அதிபரிடம் இருக்கின்றன, பொருட்கள் பிள்ளைகளின் கையில் இருக்கின்றன. அதிபர் அவர்களுக்கு, நேர அட்டவணையைப் பிரித்து இரண்டு பாடவேளைகளை ஒன்றாக்கித் தந்தீர்கள், அது பெரிய உதவி.

அடுத்த வருடம் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது, இப்போது மாப் பிசைகிற நேரமா என்று கேட்ட தந்தைக்கும் நன்றி சொல்ல வேண்டும். முகத்துக்கு நேரே கேட்டீர்கள், பிறகு ஒருநாள் வந்து பின்னால் நின்று பார்த்தீர்கள், அடுத்த முறை காஸ் அடுப்பை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். உங்கள் கவலை எனக்கும் இருக்கிறது. அளத்தல், நிறுத்தல், பின்னம் எல்லாம் இந்த வேலைக்குள்ளேயே வந்துவிட்டது, விரும்பினால் உங்கள் மகளின் கணிதக் கொப்பியைப் பாருங்கள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை அவள். இப்போது எனக்கு முதல் எழுந்து, "சூடு எத்தனை பாகை என்று எழுதேல்லை ரீச்சர்" என்று மற்றக் குழுவைத் திருத்துகிறாள்.

இன்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. பனம்பழக் காலத்தில் பழம் பிழிந்தோம். சாறு சவர்க்காரம் போல நுரைத்தது, அந்தக் காலத்தில் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தார்கள் என்று பெரியவர்கள் சொன்னதைப் பிள்ளைகள் அன்றைக்குத்தான் நம்பினார்கள். மிஞ்சிய கொட்டைகளைப் பின்வளவில் பாத்தி போட்டிருக்கிறோம். தைப்பொங்கல் முடிந்த பிறகு கிழங்கு கிண்டலாம், ஒரு பாதியைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்து ஒடியலாக்கி, மற்றப் பாதியை அவித்துப் புழுக்கொடியலாக்கி, இரண்டிலும் அயடீன் விட்டுப் பார்ப்பது பிள்ளைகள் போட்ட திட்டம். அப்போது அவர்கள் தரம் 5, ஆனாலும் பாத்தி அவர்களுடையதுதான். எந்த நாள் என்பதை வகுப்பு வட்ஸ்அப்பில் போடுகிறேன். மண்வெட்டி, கடகம், உரல் உலக்கை உள்ளவர்கள் கொண்டுவாருங்கள், கூழ் காய்ச்சத் தெரிந்த அம்மம்மாமார் கட்டாயம் வாருங்கள். மீனும் நண்டும் நாங்கள் வாங்குகிறோம்.

அன்புடன்,
தரம் 4 வகுப்பாசிரியை