கணவாய்ச் சாலையில் வாரம் ஒரு காலை

மலைக் கணவாய்ச் சாலைகளை நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கோடை வார இறுதிகளில் இந்தச் சாலைகள் படும் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. மனுக்களும் வந்திருக்கும். அதனால் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் ஏறிக்கொண்டிருந்தேன். வளைவின் உள்பக்கம்தான் ஏற்றம் கடுமை. அங்கே சைக்கிள் மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வேகத்தில்தான் நகரும். முன்சக்கரம் ஒரு சாண் இப்படியும் அப்படியும் அலையும். பின்னாலிருந்து ஒரு பைக் கூட்டம், எதிரே ஒரு கார். கடைசி பைக்கின் கண்ணாடி என் முழங்கையை உரசிக்கொண்டு போனது. காலை ஊன்றி நின்றுவிட்டேன். அந்த ஏற்றத்தில் நின்றால் மறுபடி ஏறி மிதிப்பது லேசில்லை.

அதே இடத்தில்தான் பழைய நடைபாதை சாலையைக் கடக்கிறது. ஒரு அம்மா, மகளின் கையை இறுகப் பிடித்தபடி, வண்டி வருகிறதா என்று காதை வைத்தே கணித்துக்கொண்டு நின்றார். வளைவுக்கு அந்தப்பக்கம் எதுவும் தெரியாது. ஒரு எச்சரிக்கைப் பலகைகூட இல்லை.

காரில் போகிறவருக்கு அரை மணி நேரத்தில் முடியும் கணவாய், எங்களுக்கு அரை நாள். மரங்கள் குட்டையாகி, புல்வெளியாகி, கடைசியில் வெறும் பாறையாவதை வளைவு வளைவாகப் பார்த்துக்கொண்டே ஏறலாம். 2,000 மீட்டரைத் தாண்டினால் உயரத்தை மூச்சே சொல்லிவிடும். இதற்காகத்தான் வருகிறோம். ஆனால் சாலையோர வெள்ளைக் கோட்டிலிருந்து கண்ணை எடுக்க முடிவதில்லை.

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: கோடையில் வாரம் ஒரு காலை, ஆறிலிருந்து பத்து மணிவரை, மோட்டார் வண்டிகளுக்குச் சாலையை மூடுங்கள். ஆம்புலன்ஸும் பேருந்தும் உள்ளூர்க்காரர்களும் தாராளமாகப் போகட்டும்.

நடக்காத காரியம் இல்லை இது. இத்தாலியில் 2,757 மீட்டர் உயரத்திலுள்ள ஸ்டெல்வியோ கணவாய்க்கு ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். அந்தச் சாலையையே சைக்கிள்காரர்களுக்காக ஒரு நாள் மூடுகிறார்கள். அதே நாட்டின் டோலமைட் மலைகளில் செல்லா என்ற மலைத்திரளைச் சுற்றியுள்ள நான்கு கணவாய்களுக்கும் இப்படி நாள் ஒதுக்குகிறார்கள். சுவிட்சர்லாந்தின் கோட்ஹார்ட் கணவாயில் 1980இல் சுரங்கச் சாலை திறந்தபின் பெரும்பாலான போக்குவரத்து மலைக்குள் போய்விட்டது. கல் பாவிய பழைய திரெமோலா சாலையில் இப்போது ஓரளவு நிம்மதியாக ஏறலாம்.

இங்கேயோ உச்சியில் வாகன நிறுத்துமிடம் மட்டும் பெரிதாகிக்கொண்டே போகிறது. நடந்து வருபவருக்கு ஒரு குடிநீர்க் குழாய் இல்லை. சாலையை அகலப்படுத்தப் பணம் வருகிறது, அழிந்துபோன பாதைக் குறிகளைத் திரும்பத் தீட்ட வருவதில்லை. நடப்பவர்களும் மிதிப்பவர்களும் உங்கள் கணக்கில் வருகிறோமா என்றே சந்தேகமாக இருக்கிறது.

சரி, அதையெல்லாம் தனியாகப் பேசலாம். இப்போதைக்கு அந்த ஒரு காலையைக் கொடுங்கள். எல்லாக் கணவாய்களிலும் ஒரே நேரத்தில் முடியாதென்றால், அடுத்த கோடையில் ஒன்றில் மட்டும் தொடங்கிப் பாருங்கள். அட்டவணை போடும்முன் எங்களையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கணவாய்களை மிதித்தும் நடந்தும் ஏறுபவர்களில் ஒருவன்