நிக்காஹ் புத்தகத்தையும் மையவாடிச் சாவியையும் சண்டையில் சேர்க்காதீர்கள்

நம் ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் பெரியவர்களுக்கும், அவர்களோடு முறைத்துக்கொண்டு அரிசி ஆலைக் கொட்டகையில் தனி ஜும்மா நடத்திவரும் தம்பிமார்களுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்களில் ஒரு தரப்புக்கு மட்டும் எழுதியிருந்தால் என்னை மறு தரப்பின் ஆள் என்று முடிவு கட்டிவிடுவீர்கள். அதனால் எல்லாரும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். ஆட்சியருக்கு மனு போய்விட்டது, காவல் நிலையத்துக்குப் போய்விட்டது, பள்ளிவாசல் சொத்துகளைக் கண்காணிக்கும் வக்ஃப் வாரியத்துக்குப் பதிவுத் தபாலும் போய்விட்டது. தேவகோட்டைக்கு இரண்டு வேன்களில் போய் சார் ஆட்சியர் முன்னால் அமைதிப் பேச்சும் பேசிவிட்டு வந்தீர்கள். பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசியது மட்டும் இன்றுவரை நடக்கவில்லை.

நான் யார் என்று கேட்பீர்கள். நம் ஜமாஅத்தின், அதாவது இந்தப் பள்ளிவாசலைச் சேர்ந்த குடும்பங்களின், தலைக்கட்டு ஏட்டில் முன்பு என் வீட்டுக்காரர் பெயர் இருந்தது. அவர் மவுத்தான பிறகு மகன் பெயர் ஏறியது. அவன் சிங்கப்பூரில் இருக்கிறான், சந்தாவைக் கட்டுவது நான். ரசீதிலும் அவன் பெயர்தான் வரும். பொதுக்குழுவில் எனக்கு இடம் கிடையாது. ஆண்கள் வெளிநாட்டில் இருந்து, பெண்கள் பணம் கட்டுகிற இப்படிப்பட்ட வீடுகள் நம் தெருக்களில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

சண்டை எதைப் பற்றியது என்பதில் முதலில் கொஞ்சம் நேர்மை வேண்டும். வெளியூரில் கேட்டால், "உங்க ஊர்ல தவ்ஹீதுக்கும் சுன்னத் ஜமாஅத்துக்கும் தகராறாமே" என்கிறார்கள். குர்ஆனும் ஹதீஸும் மட்டுமே ஆதாரம் என்பவர்களுக்கும் வழிவழி வந்த முறையைப் பின்பற்றுகிறவர்களுக்கும் சண்டை என்று அர்த்தம். நபி புகழ்ப் பாடலான மவ்லிது ஓதலாமா, தொழுகையில் அத்தஹிய்யாத் ஓதும்போது விரலை அசைக்கலாமா, ரமளான் இரவுத் தொழுகையான தராவீஹ் 8 ரக்அத்தா 20 ரக்அத்தா என்பதெல்லாம் இந்த ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிற பேச்சு. என் தம்பி 20 தொழுகிறவன். அவன் மகன் 8 முடித்துவிட்டு, அத்தா வரும்வரை பள்ளி வாசலில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாட்டுக்கு இருவருக்கும் ஒரே சட்டிக் கறிதான். இதற்காக அந்த வீடு உடையவில்லை, ஊரும் உடைந்திருக்காது.

உடைந்தது கடை வாடகையில். பள்ளிவாசல் கடைகள் யார் பெயரில் இருக்கின்றன, உள்வாடகைக்கு விட்டவர் யார், பஜாரில் மற்ற கடைகளுக்கெல்லாம் ஏறிய வாடகை நம் கடைகளுக்கு மட்டும் ஏன் ஏறவில்லை என்று ஒரு பையன் ஜும்மா முடிந்ததும் எழுந்து கேட்டான். "அல்லாஹ்வுடைய வீட்டில் சத்தம் போடாதே" என்று அவனை உட்கார வைத்தார்கள். அவன் சத்தமே போடவில்லை என்று மாடியில் இருந்த பெண்கள் சொல்கிறோம். அன்றைக்கு ஒரு நோட்டை எடுத்துக் காட்டியிருந்தால் கொட்டகைக்குப் பாய் வாங்க வேண்டிய அவசியம் வந்திருக்காது. மார்க்க ஆதாரம் தேடி இரு தரப்பும் கிளம்பியதெல்லாம் அதற்கப்புறம்தான்.

மார்க்கத்தில் கருத்து வேறுபட்டால் என்ன செய்வது என்பதற்கு ஹஜ்ரத்மார் அடிக்கடி சொல்லும் சம்பவம் ஒன்று புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. அகழ்ப் போர் முடிந்த கையோடு, பனூ குறைழா என்ற யூதக் குலத்தின் குடியிருப்புக்குப் போய்ச் சேரும்வரை யாரும் பிற்பகல் தொழுகையான அஸர் தொழ வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லி அனுப்பினார்கள். வழியிலேயே நேரம் வந்துவிட்டது. சீக்கிரம் போகத்தான் அப்படிச் சொன்னார்கள் என்று எண்ணி ஒரு கூட்டம் வழியில் தொழுதது. இன்னொரு கூட்டம் சொன்ன சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டு, போய்ச் சேர்ந்த பிறகே தொழுதது. விஷயம் நபியவர்களிடம் வந்தபோது இரண்டு கூட்டத்தில் எதையும் அவர்கள் கண்டிக்கவில்லை. பயானில் இதைக் கேட்டுத் தலையாட்டுகிற நாம், ரமளான் 29-ஆம் நோன்பு முடிந்த இரவு பிறைச் செய்தி வந்ததும் யாருக்குப் பெருநாள், யாருக்கு நோன்பு என்று வாட்ஸப்பில் வெட்டிக்கொள்கிறோம். நோன்புக் கஞ்சியும் இரண்டு இடத்தில் காய்ச்சுகிறீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, காய்ச்சுங்கள். கொட்டகைக் கஞ்சியில் இஞ்சி கொஞ்சம் தூக்கல் என்று கேள்வி.

எனக்குப் பொறுக்காதது வேறு.

போன ஷவ்வால் மாதத்தில் எங்கள் தெருவில் ஒரு நிக்காஹ். பெண்ணின் அத்தா கொட்டகை ஜும்மாவுக்குப் போகிறவர். மாப்பிள்ளை திருப்பத்தூர்ப் பக்கம். காலை 11 மணிக்கு நேரம் குறித்து, பத்திரிகை கொடுத்து, பந்தல் போட்டு, பிரியாணி தேக்சா அடுப்பில் ஏறிய பிறகு, கல்யாணத்தைப் பதிகிற நிக்காஹ் புத்தகம் வராது என்று பள்ளியிலிருந்து ஆள் வந்து சொன்னார். சந்தா பாக்கியாம். பாக்கியை அந்த இடத்திலேயே கட்டுகிறேன் என்றார் அத்தா. பொருளாளர் ஊரில் இல்லை, ரசீது போட ஆளில்லை என்று பதில் வந்தது. உள்ளே பெண்ணைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறோம். கருகமணி வைத்த தட்டை மடியில் வைத்தபடி அவளுடைய அம்மா ஒவ்வொருவர் முகமாகப் பார்க்கிறார். வாசலில் சம்பந்தி வீட்டார் செருப்பைப் போடவும் முடியாமல், கழற்றவும் முடியாமல் நிற்கிறார்கள். கடைசியில் அவர்கள் ஜமாஅத்தின் புத்தகத்தை ஒரு கார் போய் எடுத்து வந்தது. மதியம் லுஹருக்கு இறக்கிய தேக்சாவின் மூடியை அஸருக்குப் பிறகுதான் திறந்தார்கள்.

அந்தப் பெண் எந்தத் தரப்பு? யாராவது அவளிடம் கேட்டீர்களா?

2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி எந்த மதத்தாரும் கல்யாணத்தை அரசிடம் பதிய வேண்டும். பதிவு அலுவலகத்தில் நம் ஆட்கள் கொண்டுபோய்க் காட்டுவது இந்தப் பள்ளிவாசல் சான்றைத்தான். மலேசியாவுக்கும் துபாய்க்கும் மனைவியைக் கூட்டிப் போக விசா கேட்கும்போதும் அதுவே ஆதாரம். அந்தப் புத்தகம் உங்கள் பீரோவில் இருக்கிறது என்பதற்காக அது உங்களுடையது ஆகிவிடாது.

நம் அடக்கத்தலமான மையவாடியில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், விரித்துச் சொல்ல மனம் வரவில்லை. மய்யித்தைக் குளிப்பாட்டி, கஃபன் துணியிட்டு, சந்தூக்குப் பெட்டியில் வைத்த பிறகு கேட் சாவி யாரிடம் என்று தேட வேண்டியிருந்தது. கபர் வெட்டுகிறவர் மண்வெட்டியோடு வெளியே வெயிலில் நின்றார். சாவி வீட்டில்தான் இருந்தது, கொடுக்கத்தான் ஆளில்லை.

ஜமாஅத்துக்கு இருக்கும் அதிகாரம் என்ன என்று பெரியவர்கள் யோசிக்க வேண்டும். மார்க்கத் தீர்ப்பான ஃபத்வாவுக்குச் சட்ட வலு இல்லை, அது யாரையும் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே சொல்லிவிட்டது. ஜமாஅத் பஞ்சாயத்தில் சொல்லும் தீர்ப்பும் அப்படித்தான், இஷ்டப்பட்டால் ஏற்பார்கள். புருஷன் பொண்டாட்டி தகராறுக்கும், அண்ணன் தம்பி பாகப் பிரிவினைக்கும் ஜனங்கள் வக்கீலிடம் போகாமல் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்ததற்கு ஒரே காரணம் மரியாதை. புத்தகத்தை மறைத்து, சாவியை மறைத்துச் சம்பாதிக்கிற பயம் அந்த மரியாதையைத் தின்றுவிடும். தின்னவும் தொடங்கிவிட்டது, எங்கள் தெரு வழக்கு ஒன்று இப்போது காரைக்குடிக் கோர்ட்டில் இருக்கிறது.

தம்பிமார்களே, நீங்களும் கொஞ்சம் கேளுங்கள். கணக்குக் காட்டாதவருக்குச் சந்தா இல்லை என்று நிறுத்தினீர்கள். நிர்வாகிகள் யாருக்கும் அதனால் ஒரு வேளைச் சோறு குறையவில்லை. பாங்கு சொல்லும் மோதினாருக்குச் சம்பளம் பாதியானது. அவர் இப்போது முற்பகல் ளுஹாவுக்கும் லுஹருக்கும் நடுவில் சைக்கிளில் சேமியா பாக்கெட் விற்கிறார். அப்புறம் அந்த வீடியோ. ஒளு செய்யும் தண்ணீர்த் தொட்டியான ஹவுஸ் பக்கத்தில் நடந்த தள்ளுமுள்ளை எடுத்து யாருக்குக் காட்டினீர்கள்? 2011 கணக்கெடுப்புப்படி இந்த மாநிலத்தில் நாம் நூற்றுக்கு ஆறு பேர்கூட முழுசாக இல்லை. நம் ஊரில் ஒன்றிரண்டு தெரு. அந்த வீடியோவை நமக்கு முன்பின் தெரியாதவர்கள் சிரித்துச் சிரித்துப் பரப்பினார்கள். நியாயம் கேட்ட பையனின் கேள்வி அந்தச் சிரிப்பில் காணாமல் போனது.

இந்தச் சண்டையால் சொத்துக்கே ஆபத்து வந்தது இரு தரப்புக்கும் தெரியும், ஆனால் வெளியே பேச மாட்டீர்கள். புது வக்ஃப் திருத்தச் சட்டம் 2025 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. ஜூன் 6-ஆம் தேதி 'உம்மீத்' இணையதளத்தைத் திறந்து, பதிவான வக்ஃப் சொத்துகளின் விவரத்தை 6 மாதத்துக்குள் ஏற்றச் சொன்னார்கள். செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சில பிரிவுகளை நிறுத்தி வைத்தது, இந்தப் பதிவேற்றத்தை நிறுத்தவில்லை. டிசம்பரில் கெடு முடிந்தது. அந்த 6 மாதமும் நம் ஊரில் என்ன நடந்தது? சொத்தை எழுதிவைத்த பத்திரமான வக்ஃப் நாமா, பள்ளிச் சொத்தை நிர்வகித்த பழைய முத்தவல்லி வீட்டு இரும்புப் பெட்டியில். சர்வே எண்ணையும் பட்டாவையும் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தது தம்பிமார்களின் லேப்டாப்பில். அவர் கேட்டால் இவர்கள் தரவில்லை, இவர்கள் கேட்டால் அவர் தரவில்லை. சட்டத்தைக் கண்டித்து மட்டும் இரண்டு தரப்பும் தனித்தனியாக ஆர்ப்பாட்டம் நடத்தினீர்கள்.

வக்ஃப் வாரியத்துக்கு ஆண்டுதோறும் கணக்குக் கொடுத்தாக வேண்டும், நிகர வருமானத்தில் பங்கும் கட்ட வேண்டும். முன்பு 7 சதவீதம், இந்தத் திருத்தத்தில் 5 ஆக்கியிருக்கிறார்கள். சென்னைக்கு அனுப்புகிற அதே கணக்கை ஒரு நகல் எடுத்து நம் பள்ளி நோட்டீஸ் போர்டில் ஒட்ட ஏன் கை வர மாட்டேன் என்கிறது?

பொதுக்குழு கூட்டினால் கூச்சல்தான் மிஞ்சும், விவரம் தெரியாத பையன்கள் காரியத்தைக் கெடுத்துவிடுவார்கள் என்று பெரியவர் ஒருவர் என் தம்பியிடம் சொன்னாராம். உஹதுப் போருக்கு முன்னால் மதீனாவுக்குள்ளேயே இருந்து எதிர்கொள்ளலாம் என்பதுதான் நபியவர்களின் விருப்பம். அதற்கு முந்தைய பத்ர்ப் போரில் கலந்துகொள்ளாத இளைஞர்கள் வெளியே போய்த்தான் ஆக வேண்டும் என்றார்கள். நபியவர்கள் அந்த இளைஞர்களின் பேச்சை ஏற்று வெளியே போனார்கள். நபியவர்களின் சிற்றப்பா ஹம்ஸா (ரலி) உட்பட 70 பேர் அளவில் ஷஹீதானார்கள். அதற்குப் பிறகு இறங்கிய, குர்ஆனின் ஆலு இம்ரான் 159-ஆம் வசனம் என்ன சொல்கிறது? அவர்களை மன்னியும், அவர்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடும், காரியங்களில் அவர்களோடு ஆலோசனை செய்யும் என்கிறது. அவ்வளவு பெரிய இழப்புக்குப் பிறகும் மஷூராவை, அந்த ஆலோசனையை, நிறுத்தச் சொல்லவில்லை. நம் பையன்கள் கெடுத்துவிடுவார்கள் என்று நீங்கள் அஞ்சுகிற காரியம் கடை வாடகை.

பதவி கேட்டு வந்தவரிடம், ஆசைப்படுகிறவருக்கு இதைக் கொடுப்பதில்லை என்று நபியவர்கள் சொன்ன ஹதீஸையும் நீங்கள் அறிவீர்கள். கொட்டகைத் தரப்பில் அடுத்த முத்தவல்லி யார் என்று இப்போதே சட்டை தைத்து வைத்திருப்பவர்களும் அறிவார்கள் என்று நினைக்கிறேன்.

நம் பாட்டன்மார் நகரத்தார் செட்டியார்களோடு ஒரே கப்பலில் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போனவர்கள். அவர்களிடம் வட்டியைக் கற்காமல் இருந்தது சரி, ஏடு எழுதுவதைக் கற்றிருக்கலாம். அங்கே கல்யாணமான குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. கோவில் வரியும் உரிமையும் அந்தப் புள்ளிக் கணக்கில் ஓடுகிறது. அவர்களுக்குள்ளும் வழக்கு வம்பு உண்டு, செட்டிநாட்டில் இருக்கும் நமக்குத் தெரியாததா? துணையை இழந்தவர் அங்கே அரைப் புள்ளி. நம் ஜமாஅத்தில் எனக்கு அந்த அரையும் இல்லை. பக்கத்துப் புதுக்கோட்டையில் பெண்ணுரிமைப் போராளி தாவூத் ஷரீஃபா கானம் பெண்களைச் சேர்த்துத் தனி ஜமாஅத் தொடங்கியபோது நம் ஆண்கள் கொதித்தார்கள். ஏன் தொடங்க வேண்டி வந்தது என்று கேட்டவர்கள் குறைவு.

சரி, என்ன செய்யலாம். கொட்டகை ஜும்மாவை நாளைக்கே மூடச் சொல்லி நான் கேட்கவில்லை. அது நடக்காது, நடந்தாலும் மனசு ஒட்டாது. ஒரே ஒரு தீர்மானம் போடுங்கள். இந்த ஜமாஅத்தைச் சேர்ந்த யாருக்கும், எங்கே தொழுதாலும், சந்தா பாக்கி இருந்தாலும், நிக்காஹ் புத்தகமும் மையவாடியும் மறுக்கப்படாது என்று எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். பாக்கியை வசூலிக்க வேறு வழி பாருங்கள், கல்யாண வீட்டு வாசலில் வேண்டாம். சாவியில் ஒன்று மோதினாரிடம் இருக்கட்டும்.

வாடகைக் கணக்கைப் பார்க்க அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர், பக்கத்து ஜமாஅத்தில் இரு தரப்பும் ஒப்புக்கொள்கிற ஒருவர் என மூன்று பேர் போதும். கணவன் மனைவி பிணக்குக்கு இரு வீட்டாரிலிருந்தும் நடுவர் வையுங்கள் என்று குர்ஆனின் அந்நிஸா 35 சொல்கிறது. அந்த முறையை ஊருக்கும் வைத்துப் பார்ப்பதில் தப்பில்லை. அவர்கள் முடிவு சொல்லும்வரை தம்பிமார்கள் சந்தாவைக் கட்டுங்கள். நிர்வாகத்தை நம்ப முடியவில்லை என்றால் மோதினார் சம்பளம் என்று தனி ரசீது கேளுங்கள்.

இதற்குப் பொதுக்குழுவை, ரமளானுக்கு முந்தைய ஷஅபான் மாதம் முடிவதற்குள் கூட்டுங்கள். ரமளானில் வைத்தால் நோன்பைச் சாக்குச் சொல்லித் தள்ளிப் போட்டுவிடுவீர்கள். நோட்டீஸைப் பள்ளி வாசலிலும் கொட்டகை வாசலிலும் ஒட்டுங்கள். சந்தா கட்டுகிற பெண்களும் வருவோம், மாடியில் உட்காருவோம், கேள்வி இருந்தால் எழுதி அனுப்புவோம். மாடி ஸ்பீக்கர் போன வருடத்திலிருந்து கரகரவென்று இருக்கிறது, அதையும் சரிபார்த்து வையுங்கள். கீழே நீங்கள் என்ன பேசுகிறீர்கள் என்று இந்தத் தடவை எங்களுக்கு முழுதாகக் கேட்க வேண்டும்.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
நம் ஜமாஅத்தில் சந்தா கட்டும் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை