சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, யாங்கோன், மியான்மர்

பெரியோர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும் ஞாயிறு தமிழ் வகுப்பும் வழக்கம்போல் நல்லபடியாக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சந்தா விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்த ஆண்டு முதல் கேபிஇசட் பே, வேவ் பே என்ற கைப்பேசிப் பணச் செயலிகள் வழியாகவும் சந்தா வாங்குகிறோம். இளைஞர்கள் உடனே கட்டிவிட்டார்கள். பெரியவர்களில் பலர் இன்னும் கையில்தான் தருகிறார்கள். வயதானவர்களுக்குப் போன் பிடிபடாது என்று கமிட்டியில் சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெளியூர்ப் பேரப்பிள்ளைகளோடு தினமும் வீடியோவில் பேசுகிறவர்கள்தானே அவர்கள்! பணம் என்று வரும்போதுதான் தயங்குகிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின, ஈடாக ஒன்றும் கிடைக்கவில்லை. 2003இல் தனியார் வங்கிகளின் வாசலில் போட்ட பணத்தை எடுக்கக் கூட்டம் முண்டியடித்தது. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு ஏடிஎம் முன்னால் நீண்ட வரிசை, கைப்பேசி இணையமும் துண்டிப்பு. போனில் இருந்த பணத்தை நோட்டாக மாற்ற முகவர்களுக்குக் கமிஷன் அழ வேண்டியிருந்தது. நோட்டையும் நம்பாமல் வங்கியையும் நம்பாமல் தங்கம் வாங்கி வைத்த குடும்பங்கள் நம்முடையவை.

அப்படியும் மாறியவர்கள் உண்டு. இட்லிக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவரை மாற்றியது சில்லறைத் தட்டுப்பாடுதான். மீதிக்கு மிட்டாய் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போனார். பக்கத்துக் கடைக்காரர் கியூஆர் அட்டை மாட்டியதும் இவரும் மாட்டினார். வாடிக்கையாளர் நீட்டும் ஸ்கிரீன்ஷாட்டை அவர் பார்ப்பதே இல்லை. தன் போனில் பணம் வந்த செய்தியைப் பார்த்த பிறகே பொட்டலத்தைக் கொடுக்கிறார். எல்லாரும் பழக வேண்டிய பழக்கம் இது.

வீடு வீடாகப் போனபோது அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, "தம்பி, பணம் யார் பேருக்குப் போகுது?" என்பதுதான். சரியான கேள்வி. தனியாள் பெயரில் வாங்கினால் எத்தனை நல்லவரானாலும் சந்தேகம் எழும்.

ஆகவே சந்தா வாங்கும் கணக்கில் பொருளாளரோடு இன்னொரு கமிட்டி உறுப்பினரும் மாதாமாதம் வரவைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். போனில் கட்டினாலும் காகித ரசீது தர வேண்டும். மின்சாரமும் இணையமும் அடிக்கடி போகும் ஊரில் ரொக்கம் வாங்குவதை நிறுத்தவே கூடாது. தமிழ் வகுப்பு முடிந்ததும் பெரிய பிள்ளைகள் பெரியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கட்டும். ஆனால் ரகசிய எண்ணை அந்தப் பிள்ளைகளிடம்கூடச் சொல்லக் கூடாது.

இவற்றைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்