முதல் கேள்வி ‘அப்பா நம்பர் என்ன?’ என்று இருக்க வேண்டாம்

மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சுக்கும் சமூகநல இலாகாவுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

தன்பாலீர்ப்பு உள்ளவர், திருநங்கை, திருநம்பி என்று வீட்டில் தெரிந்துவிட்டதால் துரத்தப்பட்ட பிள்ளைகள், அடி தாங்காமல் தாங்களாகவே ஓடிவந்த பிள்ளைகள் – 16 வயது, 19 வயது, 22 வயது – இவர்கள் கோலாலம்பூரில் இரவு எங்கே படுக்கிறார்கள் என்று அமைச்சில் யாராவது கேட்டதுண்டா? அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். மஸ்ஜித் ஜமேக், சௌக்கிட் பக்கம் இரவில் சோற்றுப் பொட்டலம் கொடுக்கும் ஒரு சிறு குழுவில் நானும் ஒருத்தி. எங்கள் குழுவில் பெரும்பாலோர் தமிழர்கள். அதனாலேயோ என்னவோ, தமிழ்ப் பிள்ளைகள் எங்களிடம் கொஞ்சம் தயங்கித் தயங்கியாவது பேசுகிறார்கள்.

இவர்கள் அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்னுள்ள நடைபாதையில், படுப்பது குறைவு. அங்கே படுத்தால் யாராவது பார்த்து ஊருக்குச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம். இரண்டு நாள் கூட்டாளி வீட்டுச் சோபாவில், அந்தக் கூட்டாளியின் அம்மா முகம் சுளித்தபின் இன்னொருவர் வீட்டில், அதுவும் முடிந்தால் இருபத்து நாலு மணி நேர மாமாக் சாப்பாட்டுக் கடையில் ஒரு தே தாரிக் டீயை வைத்துக்கொண்டு விடியும்வரை. சிலர் முன்பின் தெரியாதவர் அறைக்குப் போகிறார்கள். அங்கே படுக்கைக்கு என்ன விலை என்று நான் எழுத வேண்டியதில்லை. பெண்பிள்ளைகள் கதை வேறு. கைப்பேசியைப் பிடுங்கி வீட்டுக்குள் பூட்டி, அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பார்கள். ஓடிவந்தால்தான் உண்டு. வந்தவளும் தெருவில் தென்பட மாட்டாள். ஆகவே, நள்ளிரவில் நடந்துபோய் ஆள் எண்ணும் கணக்கெடுப்பில் இவர்கள் விழ மாட்டார்கள். எண்ணிக்கையில் இல்லாதவர்களுக்கு பட்ஜெட்டில் யார் பணம் ஒதுக்குவார்கள்?

எண்ணிப் பார்த்த நாடுகளில் தெரியவந்ததையாவது பாருங்கள். அமெரிக்காவில் 2017-ல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட தேசிய ஆய்வில், எல்ஜிபிடி இளையோர், அதாவது தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு உள்ளவர்களும் திருநரும், வீடிழக்கும் அபாயம் மற்ற இளையோரைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. அமெரிக்காவிலேயே அப்படி என்றால், செந்தூலில் ஒரே அடுக்குமாடியில் சித்தப்பா ஒரு மாடி, அத்தை ஒரு மாடி என்று குடியிருக்கும் குடும்பத்தில் என்ன நடக்கும்? ஒரு பையனின் நடையைப் பார்த்து ‘ஒம்போது’ என்று கூப்பிடுவது பள்ளிக்கூடத்திலேயே தொடங்கிவிடுகிறது. 2017 ஜூனில் பினாங்கில் 18 வயதுத் தமிழ்ப் பையன் ஒருவர் தாக்கப்பட்டு, சில நாளில் மருத்துவமனையில் இறந்தார். அவர் பெண்தன்மையாக இருக்கிறார் என்று கேலி செய்யப்பட்டவர் என்பதை அப்போது பத்திரிகை படித்த யாரும் மறந்திருக்க மாட்டோம். எல்லாரும் வருந்தினோம், மெழுகுவத்தி ஏற்றினோம். அதே வருத்தத்தோடு வீட்டில் நம் பிள்ளையிடம், “நீயாவது ஒழுங்கா நட” என்றும் சொன்னோம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

வீடற்றோருக்கு இடமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஜாலான் ஹங் லெக்கியூவில் அஞ்சோங் சிங்கா என்ற தற்காலிகத் தங்குமிடம் இருக்கிறது. ஜாலான் பாங்கோரில் மாநகராண்மைக் கழகத்தின் இடைத்தங்கல் மையம் இருக்கிறது. 2014-ல் புக்கிட் பிந்தாங்கைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்குள் சோறே கொடுக்கக் கூடாது என்று அப்போதைய கூட்டரசுப் பிரதேச அமைச்சர் சொன்னாரே, அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் இன்றைய நிலை முன்னேற்றம்தான். 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். நல்லது.

ஆனால் எந்தக் கதவைத் தட்டினாலும் ஏறக்குறைய அதே கேள்வி: “அப்பா நம்பர் என்ன?” கேட்பவர் கெட்டவர் இல்லை. குடும்பத்தோடு சேர்த்துவைப்பதுதான் மறுவாழ்வு என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். குடித்துவிட்டு வீட்டை மறந்த தாத்தாவுக்கும், கோபித்துக்கொண்டு பஸ் ஏறிய பையனுக்கும் அது சரியான வழி. அப்பா பெல்ட்டைக் கழற்றியதால் ஓடிவந்தவனுக்கு அது வழியில்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரு பையன், 17 வயது, ஓரிடத்தில் நம்பிக்கையோடு போய் உட்கார்ந்தான். மறுநாள் காலை வாசலில் மாமாவும் சித்தப்பாவும் காரோடு நின்றார்கள். பிறகு அவன் எந்த அலுவலகத்தின் பக்கமும் போகவில்லை. எங்கள் பொட்டலத்தை வாங்கக்கூட வெளிச்சத்துக்கு வருவதில்லை. இந்தச் செய்தி பிள்ளைகளுக்குள் எவ்வளவு வேகமாகப் பரவும் தெரியுமா? ஓர் இடம் வீட்டுக்கு போன் போடும் என்று தெரிந்தால் போதும், அப்புறம் அங்கே யாரும் போக மாட்டார்கள்.

18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு உங்களிடம் ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. சிறார் சட்டம் 2001-ன் 17-வது பிரிவு, உணவும் உறைவிடமும் தரப் பெற்றோர் மறுக்கும் பிள்ளையைப் பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளை என்கிறது. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையிலான மோதலால் குடும்ப உறவே சீர்குலைந்து பிள்ளையின் மனம் பாதிக்கப்பட்டால், அதையும் அதே பிரிவு கணக்கில் எடுக்கிறது. மோதல் எதைப் பற்றி இருக்க வேண்டும் என்று அது நிபந்தனை போடவில்லை. பிறகு ஏன் இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் “அம்மா அப்பா சொல்றதைக் கேளு” என்ற அறிவுரை முதலில் வருகிறது?

18 முடிந்தவர்கள் நிலை இன்னும் மோசம். சிறார் சட்டம் அவர்களைக் கைவிட்டுவிடுகிறது. அடுத்து இருப்பது 1977-ன் ஆதரவற்றோர் சட்டம். அதன்படி ஒருவரைப் பிடித்து, மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, மூன்றாண்டுவரை நல இல்லத்தில் வைக்கலாம். அனுமதி இல்லாமல் வெளியேறினால் தண்டனை. வேலை தேடும் 19 வயதுப் பெண்ணுக்குக் கொடுக்கும் உதவியா இது? 2019-ல் திருத்திய சட்டத்தில் இளையோர் வயது வரம்பை 30 ஆக வைத்தது அரசாங்கம்தான். வாக்களிக்க 18 வயதில் அழைக்கிறீர்கள். படுக்க இடம் கேட்டால் மட்டும் அந்த வயதுக்கு ஒரு பிரிவும் இல்லை.

“வேலை செய்து அறை எடுக்கட்டுமே” என்று எங்களிடமே பலர் சொல்கிறார்கள். கணக்குப் போடுவோம். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). மாதம் 600 வெள்ளிக்கு ஓர் அறை கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். இரண்டு மாத டெபாசிட், ஒரு மாத முன்பணம் – சாவி கைக்கு வருமுன் 1,800 வெள்ளி. முதல் மாதச் சம்பளம் முழுவதையும் கொடுத்தாலும் நூறு வெள்ளி குறைகிறது, அந்த மாதம் பட்டினி கிடந்தாலும். அதுவும் ஐசி என்ற அடையாள அட்டை கையில் இருந்தால்தான் வேலை. பல பிள்ளைகளின் ஐசி, பிறப்புப் பத்திரம் எல்லாம் வீட்டு அலமாரியில் இருக்கிறது, சாவி அப்பாவிடம்.

ஐசி இருந்தாலும் திருநங்கைக்கு இன்னொரு சிக்கல். அடையாள எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். அந்த ஓர் இலக்கத்தைப் பார்த்து ஆண்கள் கூடத்தில் கட்டில் கொடுத்தால், நீளமுடியும் சுரிதாருமாக நிற்கும் 20 வயதுப் பிள்ளை அங்கே எப்படித் தூங்கும்? தாழ்ப்பாள் உள்ள தனி அறை ஒன்று போதும். இதற்குப் பெரிய கொள்கை விவாதமெல்லாம் தேவையில்லை.

நாடாளுமன்றத்தில் உங்களைப் பார்த்து என்ன கேட்பார்கள் என்று எனக்கும் தெரியும். ஒருபால் உறவைக் குற்றமாக்கும், தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவுகளைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்தப் பிரிவுகள் போக வேண்டும் என்பதுதான் என் கருத்து, மறைக்கவில்லை. ஆனால் இந்தக் கடிதத்தில் நான் அதைக் கேட்கவில்லை. அவை ஒரு செயலைத் தண்டிக்கின்றன. வீடில்லாத பிள்ளைக்குக் கட்டில் கொடுப்பதைத் தடுக்கவில்லை. படுக்க இடம் கொடுத்துவிட்டு, கூடவே பிள்ளையின் இயல்பைத் ‘திருத்தும்’ வகுப்பும் நடத்தினால் அதற்கு மாமாக் கடையே மேல் என்று பிள்ளைகள் போய்விடுவார்கள்.

தமிழ்நாட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒருவரையொருவர் காதலித்த இரண்டு இளம்பெண்கள் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்தார்கள். பெற்றோர் காணவில்லை என்று போலீசில் புகார் கொடுத்தார்கள். 2021 ஜூன் 7-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஓர் உத்தரவு போட்டார். இப்படிப்பட்ட புகாரில் இருப்பவர்கள் தாங்களாகவே சேர்ந்து வாழும் வயதுவந்தவர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் போலீஸ் புகாரை முடித்துவிட வேண்டும். குறுகிய காலத் தங்குமிடங்கள் இவர்களுக்கும் இடம் தரும்படி மாற்றப்பட வேண்டும் என்றார். இந்தியாவில் ஒருபால் உறவுக்கான சட்டத் தடை 2018-லேயே நீங்கிவிட்டது, உண்மைதான். ஆனாலும் அந்த உத்தரவின் பெரும்பகுதி, போலீஸ்காரரும் நல அதிகாரியும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான். அதை இங்கேயும் செய்யலாம்.

இந்த நகரத்தில் இதுவரை இந்த வேலையைச் செய்வது யார்? தாங்களே துரத்தப்பட்டு வளர்ந்த திருநங்கை அம்மாக்கள். இரண்டு அறை வீட்டில் நாலு ‘மகள்’களை வைத்துச் சோறு போடுகிறவர்களை எனக்குத் தெரியும். எச்ஐவி உள்ளவர்கள், திருநங்கைகள் போன்றோருக்காக 1987-லிருந்து இயங்கும் பிடி அறவாரியம் (PT Foundation) போன்ற அமைப்புகளிடம் அனுபவம் இருக்கிறது. நம் கோயில்களில் அன்னதானத்துக்கு வரும் யாரிடமும் நீ யார் என்று கேட்பதில்லை. தங்க இடம் என்றதும் நிர்வாகத்துக்கு ஆயிரம் யோசனை வந்துவிடுகிறது. அவர்களிடம் தனியாகப் பேசிக்கொள்கிறோம்.

உங்களிடம் முதலில் கேட்பது ஒரு சுற்றறிக்கை. 18 வயது கடந்தவர் சம்மதிக்காமல் குடும்பத்துக்குத் தகவல் தரக் கூடாது. 18-க்குக் கீழே என்றால், வீட்டில் அடி உண்டா என்று பிள்ளையைத் தனியாக விசாரித்து முடிக்கும்வரை போனை எடுக்கக் கூடாது. தமிழ் பேசும் அதிகாரி ஒருவர் அந்த விசாரணையில் இருக்கட்டும். ஆனால் அவர் அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்தவராக இருக்கக் கூடாது. நம் சமூகம் சின்னது, இது சாதாரண விஷயமில்லை. அப்புறம், இருக்கிற மையங்களில் 18 முதல் 25 வயதுக்காரர்களுக்கெனச் சில தனி அறைகள், ஐசி திரும்ப எடுக்க உதவி, முதல் அறைக்கான டெபாசிட்டைக் கடனாகத் தரும் ஒரு சிறு நிதி. ஏற்கெனவே பிள்ளைகளை வைத்துக் காப்பவர்களுக்கு மானியம்.

நிதிக்கும் அறைக்கும் அடுத்த பட்ஜெட்வரை காத்திருக்கச் சொன்னால் புரிந்துகொள்வேன். சுற்றறிக்கைக்கு பட்ஜெட் வேண்டாம், நாடாளுமன்ற வாக்கெடுப்பும் வேண்டாம், தலைமை இயக்குநரின் கையெழுத்து போதும். அது எந்த மாதம் வரும் என்பதை எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கோலாலம்பூரில் இரவுச் சோறு கொடுக்கும் ஒருத்தி