அந்த மரத்துக்குப் பெயர் வன்னி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலைவனம் திரைப்படங்களிலும் கதைகளிலும் எப்படிக் காட்டப்படுகிறது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கட்டுரையாசிரியர் உழைத்துத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அதோடு வந்த படத்தைப் பார்த்ததும் மனம் பொறுக்கவில்லை. அடியில் 'உயிரற்ற மணல்வெளி, ஜெய்சல்மேர்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். படத்தின் இடது ஓரத்தில் ஒரு மரம் நிற்கிறது. கிளைகளைக் கழித்துவிட்டு, மறுபடியும் துளிர்த்த மரம். ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தழை வேண்டி யாரோ கழித்திருக்கிறார்கள். அவர்கள் வீடு கூப்பிடு தூரத்தில்தான் இருக்கும்.

இதை நான் உறுதியாகச் சொல்லக் காரணம் உண்டு. எல்லைப் பாதுகாப்புப் படையில் இருந்தபோது 11 ஆண்டுகள் ராஜஸ்தான் எல்லையில் பணிபுரிந்தேன். சொந்த ஊர் தோவாளை. விடிவதற்கு முன்பே பிச்சிப்பூ மணம் தெருவில் நிற்கும் ஊர். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்திலிருந்து, ஆண்டு முழுவதும் சேர்த்து 200 மில்லிமீட்டர் மழைகூடக் கிடைக்காத இடத்துக்குப் போனேன். வைகாசி வெயில். 'லூ' என்று அங்கே சொல்கிற அனல்காற்று முகத்தைத் தீய்த்தது. "இங்கே ஒன்றுமே இல்லை அம்மா" என்றுதான் வீட்டுக்கு முதல் கடிதம் எழுதினேன்.

அந்த எண்ணத்தை மாற்றியவர் ஒரு கோஜி. கால்தடம் பார்த்துச் சொல்லும் உள்ளூர்க்காரரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். காலை ரோந்தில் எங்களுக்கு முன்னால் நடப்பார். இரவில் நரி எந்தப் பக்கம் போனது, ஒட்டகத்தின் மேல் ஆள் இருந்தாரா, நடந்தவர் சுமையோடு போனாரா வெறுங்கையோடு போனாரா என்று மணலைப் பார்த்தே சொல்வார். எனக்கு வெறும் மணலாகத் தெரிந்தது அவருக்கு அன்றைய செய்தித்தாள். சில மாதங்களில் நானும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்கு வந்தேன்.

அதே காலத்தில் ஜெய்சல்மேர் அருகே சம் என்ற ஊரின் மணற்குன்றுகளில் ஒரு சினிமாப் பாட்டுக்குப் படப்பிடிப்பு நடந்ததைப் பார்த்தேன். தார் பாலைவனத்தில் கல்தரையும் புதர்க்காடும் கம்பு விளையும் நிலமும் எவ்வளவோ உண்டு. படமெடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் குன்றைத்தான் தேடி வருவார்கள். ஒவ்வொரு முறை எடுப்பதற்கு முன்பும் இரண்டு பையன்கள் சாக்கை இழுத்துக்கொண்டு போய் மணலில் இருந்த தடங்களை எல்லாம் அழித்தார்கள். கோஜி காலையில் வாசித்த அத்தனையும் அங்கே துடைக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் கேமரா ஓடியது. பாலைவனம் வெறுமையானது என்று யாராவது எழுதினால் எனக்கு அந்தச் சாக்குதான் நினைவுக்கு வருகிறது.

கட்டுரை 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு' படத்தின் பாலைவனக் காட்சிகளைப் புகழ்கிறது. அந்தப் படத்தை ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் பகுதியில்தான் எடுப்பதாக இருந்தார்கள். அங்கே நல்ல மழை பெய்து, செம்மண் தரை முழுக்கக் காட்டுப்பூ பூத்துவிட்டது. அதனால் படப்பிடிப்பு நமீபியாவுக்குப் போயிற்று. பூவை நம்பிப் பிழைக்கிற ஊரில் பிறந்த என்னால் இதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. ஒரு பாலைவனம் பூத்ததால் அது பாலைவனமாக நடிக்கத் தகுதியற்றதாகிவிட்டது! ஜோர்டானில் வாதி ரம் என்ற பள்ளத்தாக்கு 1962-இல் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படத்தில் அரேபியாவாக வந்தது. 2015-இல் 'தி மார்ஷியன்' படத்தில் செவ்வாய்க் கிரகமாகவே வந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே பெடோயின் மக்கள் ஆடும் ஒட்டகமும் மேய்த்து வாழ்கிறார்கள். அவர்களுடைய மேய்ச்சல் நிலம்தான் நமக்கு மனிதன் இல்லாத வேற்றுக் கிரகம்.

எங்கள் கன்னியாகுமரிக்கும் இதே கதிதான். விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர் சிலை, நடுவே சூரியன். சட்டகத்தைச் சற்றுத் திருப்பினால் கரையில் வலை பிரிக்கிற மக்கள் தெரிவார்கள். திருப்புகிறவர்கள் குறைவு.

தமிழுக்குப் பாலைவன அனுபவமே கிடையாது, ஆகவே இரவல் வாங்குவது தவிர வேறு வழியில்லை என்று கட்டுரையாசிரியர் எழுதியிருப்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். நம்முடைய பாலைத்திணை சஹாரா அல்ல என்பது உண்மை. "முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து" என்று சிலப்பதிகாரம் சொல்வதுபோல, மழை பொய்த்து நலம் இழந்த காடும் மலையும்தான் அது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே பஸ்ஸில் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். நாஞ்சில் நாட்டுப் பச்சை முதுகுக்குப் பின்னால் போய், உடைமரமும் பனையும் நிற்கும் வறண்ட பூமி வந்துவிடும். தொல்காப்பியம் அரங்கேறியபோது கேட்டவர் அதங்கோட்டு ஆசான் என்று அதன் பாயிரம் சொல்கிறது. அந்த அதங்கோடு எங்கள் மாவட்டத்து ஊர்தான் என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. அந்த உரிமையில் சொல்கிறேன். அகநானூற்றின் 400 பாட்டுகளில் ஒற்றைப்படை எண்ணுள்ள 200 பாட்டும் பாலை. சரிபாதி! இதற்குமேல் என்ன அனுபவம் வேண்டும்?

அந்தப் பாட்டுகளில் எதிலும் நிலம் சும்மா கிடப்பதில்லை. குறுந்தொகையின் 37-ஆம் பாட்டு, பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடியது. பிரிந்துபோனவனை நினைத்து வாடும் தலைவிக்குத் தோழி ஆறுதல் சொல்கிறாள். அவர் போன வழியில் பெண் யானையின் பசி போக்க, ஆண் யானை யா மரத்தின் பட்டையை உரித்துக் கொடுக்கும், அன்புடைய வழி அது என்கிறாள். அதைப் பார்க்கிறவன் உன்னை நினைக்காமல் இருப்பானா என்பது அவள் சொல்லாமல் சொல்வது. ஜெய்சல்மேர் பக்கம் ஒரு முதியவர், பஞ்சத்தில் தம் முன்னோர் மரப்பட்டையை இடித்து மாவாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த கதையைச் சொன்னார். ஓய்வுபெற்று ஊர் திரும்பிய பிறகு குறுந்தொகையைப் படித்தபோது, அந்தக் கிழவரின் குரல்தான் என் காதில் கேட்டது.

'ஆடுஜீவிதம்' பற்றிக் கட்டுரை சொன்னதோடு எனக்குப் பெரும்பாலும் உடன்பாடு. பென்யாமின் மலையாளத்தில் எழுதி 2008-இல் வந்த நாவல், 2024-இல் திரைப்படமும் ஆயிற்று. எங்கள் பக்கத்தில் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு அரிது. என் அத்தை மகனும் போனவன். அந்தப் படத்தைப் பாதிக்குமேல் பார்க்க முடியாமல் எழுந்து போய்விட்டான். ஏமாற்றி ஆட்டுப்பட்டியில் விடப்பட்ட ஒருவனுக்குப் பாலைவனம் சிறைதான். அதில் பொய் இல்லை. ஆனால் அந்தச் சிறையைக் கட்டியது மனிதன். மணலின் மேல் பழி போடக் கூடாது. அப்துல் ரஹ்மான் முனீஃப் 1984-இல் அரபியில் எழுதிய 'உப்பு நகரங்கள்' நாவலில் எண்ணெய் தேடி வந்த இயந்திரங்கள் ஒரு பாலைவனச் சோலையின் மரங்களைப் பிடுங்கி எறிகின்றன. ஊரே இடம்பெயர்கிறது. அந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் பக்கம் நின்று எழுதிய அந்த நாவலுக்குக் கட்டுரையில் ஒரு வரியாவது கொடுத்திருக்கலாம்.

மீண்டும் அந்தப் படத்து மரத்துக்கு வருகிறேன். அங்கே அதை கேஜ்ரி என்பார்கள். முதியவர் சொன்ன பட்டை இதனுடையதுதான். இதன் காயை உலர்த்தி வைத்து ஆண்டு முழுவதும் சமைப்பார்கள். 1730-இல் ஜோத்பூர் அருகே கேஜட்லி கிராமத்தில் இந்த மரங்களை அரசரின் ஆட்கள் வெட்ட வந்தபோது, அம்ரிதா தேவி முதலாக பிஷ்னோய் என்ற சமூகத்தைச் சேர்ந்த 363 பேர் மரங்களைக் கட்டிக்கொண்டு உயிரைக் கொடுத்தார்கள். நம் ஊரில் இதே மரத்துக்குப் பெயர் வன்னி. விருத்தாசலம் கோயிலின் தலமரம். சுற்றிவந்து கும்பிடுகிறோம்.

படத்தை எடுத்தவரிடம் இன்னும் பெரிய பிரதி இருக்கும். அதில் மரத்துக்கு இடப்பக்கம் உள்ள பகுதி வெட்டப்படாமல் இருந்தால் அதை வெளியிடுங்கள். இல்லையென்றால் அடுத்த இதழில் படக்குறிப்பை மட்டுமாவது 'வன்னி மரமும் மணல்வெளியும், ஜெய்சல்மேர்' என்று திருத்திப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
தோவாளை, கன்னியாகுமரி மாவட்டம்.